நெருங்கிய குரல்

மகள் இறந்து முப்பத்தைந்து நாள் கழித்து வசந்தாமணி தன் வாழ்க்கையின் முதல் புத்தக விமரிசனத்தை எழுதினாள். உச்சாணி என்ற ஒலிப்புத்தகச் செயலியில், 'விடியுமுன் வென்றுவிடு' என்ற புத்தகத்துக்குக் கீழே, 'கேட்டவர் கருத்து' என்றிருந்த கட்டத்துக்குள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள்.

"முழுவதும் கேட்டேன். ஒன்பது மணி நேரம். காலை நாலரைக்கு எழுந்தவர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள் என்கிறது புத்தகம். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் முப்பது வருஷமாக மூன்றரைக்கே எழுகிறார். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. வாசிக்கிறவர் நன்றாகச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்து வாசிக்கிறார். குரலில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மனிதருக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்திருக்காது என்று தோன்றுகிறது."

கேட்பது அவளுக்குப் புதிதில்லை. ஈரோட்டில், தண்ணீர்ப் புகார்களை வாங்கும் பிரிவில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்பாள். குழாயில் வருவது காற்றா, கலங்கலா, கோபம் தண்ணீர் மேலா, வீட்டுக்காரர் மேலா என்பதெல்லாம் இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

மிருதுளா அவளுடைய ஒரே பிள்ளை. எட்டு வயதில் அப்பாவை இழந்தவள். படித்து, சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. ஐந்து நாள் காய்ச்சலோடு காலையில் எழுந்து, குளித்து, அலுவலகம் போய் வந்திருக்கிறாள். ஆறாம் நாள் விடுதிப் படிக்கட்டில் விழுந்தாள். வசந்தாமணி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நினைவில்லை.

"லீவு போடுன்னு நான் எவ்வளவோ சொன்னேன் ஆன்ட்டி," என்று அறைத்தோழி அழுதாள். "காதுல எதையோ மாட்டிக்கிட்டு, 'நான் எந்திரிக்கணும்டீ'ன்னே சொல்லிட்டு இருந்தா."

விழுந்ததில் மிருதுளாவின் கைபேசி நொறுங்கிப்போயிருந்தது. ஊருக்கு வந்த பையில் ஒரு நோட்டு இருந்தது. கேட்டு முடித்த பதினேழு புத்தகங்களின் பெயர்களும் ஒவ்வொன்றிலும் கற்ற பாடமும் அழகான கையெழுத்தில். 'சோர்வு ஒரு பொய்.' 'உடம்பு கெஞ்சும், மனசு கட்டளையிட வேண்டும்.' பதினெட்டாவதாக 'விடியுமுன் வென்றுவிடு' என்று மட்டும் எழுதி, எதிரே பாடம் எழுத இடம் விட்டிருந்தாள்.

அந்தப் பதினெட்டையும், கடைசியிலிருந்து தொடங்கி, கேட்பது என்று வசந்தாமணி முடிவு செய்தாள். தன் கைபேசியில் செயலியை இறக்கிக்கொண்டாள். பேருந்தில் கேட்டாள், துவைக்கும்போது கேட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். ஒவ்வொன்றையும் முடித்ததும் மனதில் பட்டதை எழுதினாள்.

ஒன்றுக்கு இப்படி எழுதினாள்: "உன் தோல்விக்கு நீயே காரணம் என்று முதல் அத்தியாயம். உன் வெற்றிக்கு இந்தப் புத்தகம் காரணம் என்று கடைசி அத்தியாயம்."

இன்னொன்றுக்கு: "நல்ல புத்தகம். மூன்றாவது அத்தியாயத்தில் தன் தங்கையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதியவர் உண்மையாகவே வருத்தப்பட்டிருக்கிறார். வாசிக்கிறவருக்கு அது தெரியவில்லை. தங்கை செத்ததையும் அதே உற்சாகத்தோடு வாசித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்."

அவள் கருத்துகளை ஜனங்கள் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். பால்காரர் கருத்து மட்டும் ஆயிரக்கணக்கான பேரிடம் சுற்றியது. பதில் போட்டவர்களால்தான் அவளுக்கு முதல் குழப்பம் வந்தது.

"வாசிப்பவர் ஆணா? எனக்குப் பெண் குரல்தான் வருகிறது, எங்கள் பெரியக்கா போலவே" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றார் ஒருவர். "போன வருஷம் காலமான எங்கள் அப்பா குரலைப் போலவே. அதனாலேயே நிறுத்த முடியவில்லை" என்று இன்னொருவர்.

ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் ஐந்து விதமாகப் புகார் சொன்னால் கோளாறு வீட்டுக் குழாயில் இல்லை, தெருவுக்கு வரும் பெரிய குழாயில் என்று வசந்தாமணிக்குத் தெரியும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். நான்காம் நாள் மத்தியானம் ஃபர்ஹானா என்ற பெண் கூப்பிட்டாள். குரலை வைத்துப் பார்த்தால் முப்பதுக்குள் வயது.

"நீங்கதான் அந்தப் பால்காரர் மேடமா? எங்க ஆபீஸ்ல உங்க கருத்தைச் சத்தமா வாசிச்சுச் சிரிப்போம்."

"அப்படிங்களா. எனக்கு ஒண்ணு தெரியோணும். ஒரே புத்தகம், ஆளுக்கொரு குரல்ல எப்படிங்க வருது?"

"அது 'நெருங்கிய குரல்'னு ஒரு வசதி மேடம். உங்க கணக்குல அதை நீங்க போட்டுக்கல, அதனால பொதுக்குரல் வருது. போட்டுக்கிட்டவங்களுக்கு அவங்க நம்புற ஆளோட குரல் வரும்."

"நம்புற ஆள் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அவங்க போன்ல யாரோட பேசுறாங்கன்னு செயலி கேக்கும். அனுமதி குடுத்தாத்தான். யார் பேசினா நாடி நிதானமாகுது, யார் சொன்னா மறுபேச்சு இல்லாம உடனே செய்றாங்க, எல்லாம் கையில கட்டின வாட்ச்சுல தெரிஞ்சிடும். அந்தக் குரலை மாதிரி ஒரு குரலை நாங்க உருவாக்கிடுவோம். அச்சு அசலா அதே குரல் இல்ல, சட்டப்படி அப்படிச் செய்யக்கூடாது. அந்த ஜாடை இருக்கும். அதே வரியை யாரோ ஒருத்தர் வாசிச்சா பத்துல ரெண்டு பேர்தான் செய்வாங்க. இதுல பத்துக்கு எட்டு."

வசந்தாமணி கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "எம் பொண்ணு உங்க புத்தகம் கேப்பா. ஐப்பசியில தவறிப்போயிட்டா. அவளுக்கு யார் குரல் வந்துச்சு?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்று திரும்ப வந்தது. "அம்மா..." என்றாள் ஃபர்ஹானா. 'மேடம்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. "போன்ல சொல்ல முடியாதும்மா. வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு நேர்ல வாங்க. நான் எடுத்துத் தர்றேன்."

சான்றிதழ் கைக்கு வர மாசி பிறந்துவிட்டது.

சென்னைக்குப் போகும் காலை ரயிலில் வசந்தாமணி யோசித்துக்கொண்டே போனாள். மிருதுளா யார் சொன்னால் கேட்பாள்? கல்லூரியில் ஒரு பேராசிரியை இருந்தார், அவரைப் பற்றி நிறையப் பேசுவாள். அம்மாவிடம் சொல்லாத ஒரு பையன்கூட இருந்திருக்கலாம். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் அப்பாவாக இருக்க வழியில்லை. அவர் பேசிய பழைய காணொளி ஒன்றிரண்டு மகளின் கைபேசியில் கிடந்தனதான். ஒருவேளை அதிலிருந்து எடுத்திருந்தால்? அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கடைசி நாட்களில் பிள்ளையோடு அவர் இருந்தார் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

நிறுவனத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஃபர்ஹானா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள்.

"அம்மா, கேட்டுத்தான் ஆகணுமா?"

"இதுக்குத்தானே கண்ணு வந்திருக்கேன்."

ஃபர்ஹானா விசையைத் தட்டினாள்.

"எந்திரி மிருது," என்றது குரல்.

வசந்தாமணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரோ உள்ளே வந்து பேசுவதாகத்தான் முதலில் நினைத்தாள்.

"மணி நாலரை. நீ படுத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னொருத்தர் உன்னைத் தாண்டிப் போயிட்டு இருக்காங்க. உடம்பு சொல்ற சாக்கைக் கேக்காத. சாக்கு சொல்றவங்க யாரும் ஜெயிச்சதில்ல. சொல்றது கேக்குதா?"

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஆனால் பத்தொன்பது வருஷப் புகார்ப் பதிவுகளில் தன் குரலைக் கேட்டுப் பழகியவள் வசந்தாமணி. கொஞ்சம் மெருகேற்றியிருந்தார்கள், கொஞ்சம் இளமையாக்கியிருந்தார்கள். மற்றபடி வாக்கியத்தின் முடிவில் ஒரு படி இறங்கும் அந்த இறக்கம், 'சொல்றது கேக்குதா' என்ற அதட்டல், எல்லாம் அவளுடையவை.

"இதை நான் சொல்லல," என்றாள் மெதுவாக.

"இல்லம்மா. புத்தகத்துல இருக்கிறதுதான்."

"சொல்லலைன்னும் சொல்ல முடியாது கண்ணு." வசந்தாமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பத்தாவது படிக்கையில இவளை இப்படித்தான் எழுப்பினேன். பன்னெண்டாவதுல இன்னும் மோசம். தூக்கம் வருதும்பா. முகத்துல தண்ணி தெளிப்பேன். அப்பன் இல்லாத பிள்ளை, படிச்சாத்தான் பொழைக்கும்னு பயம். உங்க மிஷின் ஒண்ணும் தப்பாக் கண்டுபிடிக்கல."

ஃபர்ஹானா ஒலியை நிறுத்தினாள்.

"இது நான்தான்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்." தயங்கினாள். "பொதுக்குரல்ல இது வராது. நெருங்கிய குரல்ல மட்டும், ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் ஒரு கேள்வி கேக்கும். இன்னைக்கு என்ன சாதிச்சேன்னு. கேக்கிறவங்க வாயால பதில் சொன்னாத்தான் அடுத்தது திறக்கும். அந்தப் பதில்கள் இங்க இருக்கு. கடைசிப் புத்தகத்துல ஒன்பது."

நான்கு மாதத்துக்குப் பிறகு வசந்தாமணி மகளின் குரலைக் கேட்டாள். முதல் பதிலில் மிருதுளா சிரித்தாள். "நாலு நாப்பதுக்கு எந்திரிச்சேன். பத்து நிமிஷம் மன்னிச்சிடுங்க மேடம்," என்று கிண்டல் செய்தாள். மூன்றாவதில் ஓடப்போனதைச் சொன்னாள். ஐந்தாவதில், "இன்னைக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினார்மா. அழுகல," என்றாள். அதற்கு மேல் ஒவ்வொரு பதிலிலும் அம்மா என்றே கூப்பிட்டாள். ஃபர்ஹானா கொடுத்த காதுக்கருவியை வசந்தாமணி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

ஒன்பதாவது பதிலில் முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு, வறண்ட தொண்டையிலிருந்து:

"அம்மா, உடம்பெல்லாம் கொதிக்குது. கண்ணைத் திறக்க முடியல. இன்னைக்கு ஒருநாள் மட்டும் படுத்துக்கட்டுமா?"

இரண்டு நொடி இடைவெளி.

"நல்லது," என்றது வசந்தாமணியின் குரல். "அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்."

வசந்தாமணி காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பதில் வந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் அது பாக்கும்மா," என்றாள் ஃபர்ஹானா கடைசியில். "என்ன பதில்னு பாக்காது. அதைப் பாக்கிற மாதிரி செய்யலாம்னு நாங்க ரெண்டு மூணு பேர் சொன்னோம். கேக்கிறவங்க சாக்கு சொன்னா அதுக்கு நாம பதில் பேச ஆரம்பிச்சா, புத்தகத்தை முடிக்கிறவங்க குறைஞ்சிடுவாங்கன்னுட்டாங்க."

"அது என்ன தேதி?"

ஃபர்ஹானா சொன்னாள். காய்ச்சலின் மூன்றாம் நாள். அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கு மிருதுளா ஈரோட்டுக்கும் கூப்பிட்டிருந்தாள். மழையில் ஊரெல்லாம் தண்ணீர் கலங்கி, புகார் மேல் புகாராக வந்துகொண்டிருந்த நேரம். "லேசா சுடுதும்மா," என்றாள். "மாத்திரை போட்டுக்க சாமி, சாயங்காலம் கூப்பிடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள் வசந்தாமணி. சாயங்காலம் கூப்பிட்டபோது மகள், "சரியாப் போச்சும்மா," என்றாள். அந்த ஒரு வாக்கியம் பொய் என்பது மட்டும் எப்படியோ அவள் காதுக்கு எட்டாமல் போயிருந்தது.

"அம்மா, உங்க குரலை முழுசா அழிச்சிடச் சொல்லலாம். உங்களுக்கு உரிமை இருக்கு," என்றாள் ஃபர்ஹானா. "ஆனா கணக்கோட சேர்ந்து அவங்க பதில்களும் போயிடும்."

"அழிக்க வேண்டாம். நான் ஒரு கருத்து எழுதோணும். இவ கணக்குல இருந்து."

"புத்தகத்தை முடிச்ச கணக்குல இருந்துதான் எழுத முடியும். இன்னும் மூணு அத்தியாயம் பாக்கி இருக்கு."

"கேக்கறேன்."

அன்று பிற்பகல் முழுக்க வசந்தாமணி அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தன் குரல் தன் மகளுக்குச் சொல்லவிருந்த மிச்சத்தைக் கேட்டாள். பத்தாம் அத்தியாயம் முடிந்ததும், "இன்னைக்கு என்ன சாதிச்ச, மிருது?" என்று குரல் கேட்டது.

வசந்தாமணி ஒலிவாங்கியைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். "படுத்துக்க சாமி," என்றாள். "இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம். அம்மா இப்பவே கிளம்பி வர்றேன்."

"நல்லது. அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்."

பதினொன்று முடிந்தபோதும் அதையே சொன்னாள். பன்னிரண்டு முடிந்தபோதும் அதையேதான். கடைசியில் குரல் வாழ்த்துச் சொன்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபர்ஹானா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு வசந்தாமணி எழுதினாள்.

"இது மிருதுளாவின் கணக்கு. எழுதுவது அவள் அம்மா. இந்தப் புத்தகத்தை என் மகளுக்கு என் குரலில் வாசித்திருக்கிறார்கள். வாசிப்பு மிக நன்றாக இருக்கிறது. நானே ஏமாந்தேன். ஆனால் நான் இதை வாசிக்கவில்லை. உங்கள் காதில் கேட்பவரும் இதை வாசிக்கவில்லை. முடியவில்லை என்று தோன்றும் நாளில் புத்தகத்தை நிறுத்திவிட்டு அந்த ஆளையே கூப்பிடுங்கள். உயிரோடு இல்லையென்றால் நினைத்துப் பாருங்கள், அவர் இப்படியா சொல்வார்? நான் கண்டிப்பான அம்மா. அவளை எந்திரி, எந்திரி என்றுதான் வளர்த்தேன். ஆனாலும் காய்ச்சல் என்றால் படுக்கத்தான் சொல்லியிருப்பேன்."

அந்தக் கருத்து இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காணவில்லை. புத்தகத்தைப் பற்றியதாக இல்லாததால் நீக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. தன் சொந்தக் கணக்கிலிருந்து மறுபடி எழுதினாள், அதையும் எடுத்தார்கள். ஒரு பத்திரிகைக்கு எழுதினாள், சின்னதாகப் போட்டார்கள். வழக்குப் போடலாம் என்றார் ஒரு வக்கீல். மகள் அனுமதி கொடுத்திருக்கிறாள் என்ற காகிதத்தை நிறுவனம் காட்டியது. அதில் மிருதுளா திரையில் விரலால் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் வசந்தாமணி எழுந்து வந்துவிட்டாள்.

ஆனி மாதம் ஃபர்ஹானா கூப்பிட்டாள். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"ஏங்கண்ணு?"

"எனக்குப் புத்தகம் எங்க அத்தா, எங்கப்பா குரல்ல வரும்மா. ஒருநாள் ஆபீஸ்ல இருந்து அழுதுட்டே அவருக்குப் போன் பண்ணேன். வேலையை விட்டுட்டு வந்துடும்மான்னார். புத்தகத்துல ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்ல." சிரிக்கப் பார்த்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செஞ்சிட்டு வந்தேன். யார்கிட்டயும் கேக்கல. உங்ககிட்டயும் கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க." என்ன வேலை என்று சொல்வதற்குள் அழைப்பு அறுந்துபோனது. வசந்தாமணி திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். நிறுவனம் கொடுத்திருந்த எண், அதற்குள் முடக்கிவிட்டிருந்தார்கள்.

வருஷம் திரும்பியது. திதி கொடுத்த மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில், எப்போதும்போல அந்தப் புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து புதிய கருத்துகளைப் படித்தாள். நல்ல புத்தகம், நல்ல குரல், வாழ்க்கையே மாறிவிட்டது. அவற்றுக்கு நடுவே தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

"முன்னாடியே ஒரு தடவை முழுசாக் கேட்டு முடிச்சிருக்கேன், இப்ப மறுபடி ஏழாவது அத்தியாயம் வரைக்கும் வந்தேன். எனக்கு எங்க அப்பா குரல்ல வருது, அவர் போய் மூணு வருஷமாச்சு. நேத்து சரியான காய்ச்சல். என்ன சாதிச்சன்னு கேட்டதுக்கு, காய்ச்சல், எந்திரிக்க முடியலன்னு சொன்னேன். உடனே அப்பா, 'படுத்துக்க சாமி, இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம்'னு சொல்லிட்டார். அதோட புத்தகம் தானா நின்னுபோச்சு. எங்க அப்பா என்னை ஒருநாளும் சாமின்னு கூப்பிட்டது கிடையாது. எங்க ஊர்ல யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. இது எங்க இருந்து வந்ததுன்னு தெரியல. ஆனா படுத்துட்டேன்."

வசந்தாமணி அதைப் பலமுறை படித்தாள். சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்தது. எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்து, அதற்குக் கீழே எழுதினாள்.

"காய்ச்சல் விட்டதா? ரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா?"

நான்கு புகார்களுக்குப் பிறகு பதில் வந்திருந்தது.

"இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வரேன். டெங்குன்னாங்க, நேரத்தோட வந்துட்டீங்க, பயமில்லன்னாங்க. நீங்க யாருங்க?"

அம்மா என்று எழுதி அழித்தாள். பெயரை எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில், "இந்தப் புத்தகத்தைக் கேட்டவர்களில் ஒருத்தி," என்று அனுப்பினாள். பிறகு நினைவு வந்தவளாக இன்னொரு வரியும் எழுதினாள்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும்."